முத்துலிங்கத்தின் பன்னிரண்டு மணி

கண்டியில் பிளேசியார் கல்லூரிப் பையன்களைப் போல மரியாதை தெரிந்த பிள்ளைகள் வேறெங்கும் இல்லை என்று ஐம்பத்து நாலாம் வருஷம் பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்க வந்த வித்தியாதரிசி ஒருவர் எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் கல்லூரித் தலைவரான ரெக்டரைப் பார்க்க வந்தபோது மணி பதினொன்றே முக்கால். ஒபீஸுக்கு வெளியே விறாந்தையில் பதினாலு பையன்கள் வரிசையாக நின்றார்கள்.

"நீ முதல்ல போ மச்சான்."

"ஐயோ, நீதானே முதல்ல வந்த. நீ போ."

"பெரிய வகுப்பு அண்ணமார் முன்னுக்கு நிக்கணும். வாங்கண்ணே, வெக்கப்படாதீங்க."

ஒருவன் தன் இடத்தை இன்னொருவனுக்குக் கொடுக்க, அவன் அதை மூன்றாமவனுக்குக் கொடுக்க, மூன்றாமவன் தனக்கு அந்தத் தகுதி இல்லை என்று கைகூப்பிப் பின்னால் போனான். வித்தியாதரிசிக்குக் கண் கலங்கிவிட்டது. அறிக்கையில் ஒரு முழுப் பந்தி எழுதினார். அது என்ன வரிசை என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

அது அடி வாங்குகிற வரிசை.

கல்லூரியைத் தொடங்கிய இத்தாலிக்காரப் பாதர் கையாலேயே எழுதிவைத்த ரூல் புத்தகம் ஒன்று உண்டு. அதன்படி காலையில் செய்த குற்றங்களுக்குப் பதினொன்றே முக்காலுக்குப் பிரம்படி. பன்னிரண்டுக்குத் திரிகால செபத்துக்கு மணி அடிக்கும். அடித்ததும் நடக்கிறவன் நிற்க வேண்டும், பேசுகிறவன் வாயை மூட வேண்டும், ஓங்கிய கை இறங்க வேண்டும். செபம் சொன்ன கை அன்றைக்கு மறுபடி பிரம்பைத் தொடக்கூடாது. அந்த நேரத்தில் வரிசையில் மிச்சம் நிற்கிறவனின் குற்றம் அத்தோடு மன்னிக்கப்பட்டது. அவன் நேரே சாப்பிடப் போகலாம்.

ஆகவே அந்த வரிசையில் முன்பக்கம் நரகம், பின்பக்கம் மோட்சம். ஒழுக்கத்துக்குப் பொறுப்பான அன்சலம் பாதர் ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம் எடுப்பார். பேரை எழுதுவது, குற்றத்தை எழுதுவது, கொஞ்சம் புத்திமதி, பிறகு ஆறு அடி. பதினைந்து நிமிஷத்தில் ஏழு பேர் முடியும், கெட்டிக்காரத்தனமாக அடித்தால் எட்டு. ஒன்பதாவது ஆளாக நிற்பதற்குத்தான் அவ்வளவு மரியாதையும். வேத பாடத்தில் நாற்பது வருஷமாகக் கற்பித்தும் வராத தாழ்மை இந்தப் பதினைந்து நிமிஷத்தில் தானாக வந்தது.

மணி அடிக்கிற வேலை முத்துலிங்கத்துடையது. ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பதினெட்டு வயதில் பையன்கள் தங்கும் போடிங்கின் குசினிக்கு விறகு பிளக்க வந்தவர், இருபது வருஷத்துக்கு முன்னால் மணிக்கயிற்றுக்கு உயர்த்தப்பட்டார். கயிற்றோடு குசினிச் சுவரை ஒட்டிய ஒரு அறையும் கிடைத்தது. அவரும் பெண்சாதி சீதாவும் அதில்தான் குடியிருந்தார்கள். கயிறு போனால் அறையும் போகும் என்பது இருவருக்கும் தெரியும். சீதா அதை வாரத்துக்கு ஒரு தடவையாவது ஞாபகப்படுத்துவாள்.

அந்த மணி இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தது. பிஷப் வந்து அதற்கு ஞானஸ்நானம் கொடுத்து மார்கரீத்தா என்று பேரும் வைத்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய முத்துலிங்கம் அந்தக் கத்தோலிக்க மணியைத் தினமும் மூன்று வேளை அடித்தார். இதில் யாருக்கும் எந்த விசித்திரமும் தெரியவில்லை. மார்கரீத்தாவும் ஒன்றும் சொல்லவில்லை.

நேரம் பார்க்க அவருக்குக் கல்லூரி ஒரு நிக்கல் கடிகாரம் கொடுத்திருந்தது. திங்கட்கிழமை தோறும் தபால் பையோடு கண்டி ஸ்டேசனுக்குப் போய், ஸ்டேசன் மணிக்கூட்டைப் பார்த்து அதைத் திருத்திக்கொண்டு வர வேண்டும். ஒரு நாள் கிணற்றில் குனிந்து தண்ணீர் அள்ளும்போது கடிகாரம் மடியிலிருந்து நழுவி உள்ளே விழுந்துவிட்டது. முத்துலிங்கம் கிணற்றை எட்டிப் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. திருத்தக் கடிகாரம் இல்லாததால் ஸ்டேசன் மணிக்கூட்டைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். விறாந்தையில்தான் பெரிய மணிக்கூடு ஒன்று தொங்குகிறதே, அதைப் பார்த்து அடித்தால் போகிறது.

இங்கேதான் ரூல் புத்தகத்தின் இன்னொரு வரி குறுக்கே வந்தது. "மணிக்கூடு ஒரு இயந்திரம். மணியோசையும் மணிக்கூடும் ஒத்துப்போகாவிட்டால் மணியோசையை நம்பவும்." ஸ்டேசன் நேரத்தில் மணி அடித்த காலத்து நியாயம் அது. அதன்படி அன்சலம் பாதர் தினமும் செபம் முடிந்ததும் விறாந்தை மணிக்கூட்டின் கண்ணாடியைத் திறந்து, நீட்டமான விரலால் முள்ளைச் சரியாகப் பன்னிரண்டில் வைப்பார். அதைப் பார்த்து மாஸ்டர்மார் தங்கள் கடிகாரங்களைத் திருத்துவார்கள்.

ஆக, மணிக்கூட்டைப் பார்த்து முத்துலிங்கம் மணி அடித்தார். மணியைக் கேட்டுப் பாதர் மணிக்கூட்டைத் திருத்தினார். இரண்டு வருஷமாகப் பிளேசியார் கல்லூரி தன் நேரத்தைத் தானே பார்த்துக்கொண்டது. அதுவரையில் பிழை ஒன்றும் வரவில்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம் பெப்ரவரி மூன்றாந் திகதி பிழை வந்தது. அன்று பிளேசியார் திருநாள். தொண்டை நோய் வராமலிருக்க, இரண்டு மெழுகுதிரியைக் குறுக்காகக் கட்டி ஒவ்வொரு பையனின் கழுத்திலும் வைத்து ஆசீர்வதிப்பார்கள். வருஷா வருஷம் யாராவது ஒருவனுக்குக் கிச்சுகிச்சு மூட்டி அவன் சிரித்துவிடுவான். அன்றைக்குச் சிரித்தவன் ஒரு பொடியன், வரிசையில் எட்டாவது ஆள். ஏழாவது ஆளுக்கு நாலாம் அடி விழுந்துகொண்டிருந்தபோது மணிக்கூட்டில் பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. முத்துலிங்கம் அந்தப் பொடியனைப் பார்த்தார். போன வருஷம் பெரிய மனது பண்ணி அவருக்கும் ஆசீர்வாதம் கொடுத்தார்கள். அவருக்கும் கிச்சுகிச்சு மூட்டத்தான் செய்தது.

கயிற்றை இழுத்துவிட்டார்.

அன்சலம் பாதரின் கை இறங்கியது. எல்லாரும் செபித்தார்கள். பாதர் மணிக்கூட்டைப் பார்த்து, "பழசாப் போச்சு, பிந்தி ஓடுது" என்று சொல்லி முள்ளை இரண்டு நிமிஷம் முன்னுக்குத் தள்ளினார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

மனுஷனுக்கு ஒரு தடவை நல்லது செய்து பழகிவிட்டால் விடுவது கஷ்டம். அடுத்த கிழமை ஒரு நிமிஷம். அதற்கடுத்த கிழமை இரண்டு. மழையில் நனைந்து நடுங்குகிறவன், தாய்க்குச் சுகமில்லாதவன், வெறுமனே மூஞ்சி பாவமாக இருக்கிறவன் என்று காரணங்களும் தாராளமாகக் கிடைத்தன. பையன்கள் கூட்டத்துக்கு இதெல்லாம் மூக்கில் வேர்த்துவிடும். மணிக்கயிற்றுக்குப் பக்கத்துத் திட்டில் வாழை இலைத் துண்டில் சுற்றிய பெட்டிஸ் ஒன்று, வடை ஒன்று என்று காணிக்கை வர ஆரம்பித்தது. முத்துலிங்கம் கொள்கைக்காரர். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் சாப்பிட மாட்டார்.

இப்படி ஒரு நாளும் ஊர் நேரத்தோடு ஒப்பிடப்படாத அந்த மணிக்கூடு, தள்ளத் தள்ள முன்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கணக்கு மாஸ்டர் தன் கைக்கடிகாரத்தை டவுனில் இரண்டு தடவை திருத்தக் கொடுத்தார். கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் முள்ளைப் பின்னுக்கு வைத்தார், மாஸ்டர் திரும்பி வந்து முன்னுக்கு வைத்தார், கடைக்காரரைத் திட்டினார். பிஷப் இல்லத்துக் கூட்டத்துக்கு ரெக்டர் எல்லாருக்கும் முந்திப் போய்ச் சேர்ந்தார். நேரந்தவறாமைக்கு இவரைப் பாருங்கள் என்று பிஷப் மற்றப் பாதர்மாருக்குச் சொன்னார். கிரிக்கெட் அணி எதிராளி மைதானத்துக்கு முன்கூட்டியே போய், பந்து எங்கே எகிறுகிறது என்று ஆற அமரப் பார்த்து, இரண்டு ஆட்டம் வென்றது. பின்னேரம் பள்ளிக்கூடம் நேரகாலத்தோடு வெள்ளென விட்டது. அதைப் பற்றி உலகத்தில் எந்தப் பையனும் எந்த மாஸ்டரும் முறைப்பாடு செய்ததில்லை.

அடி விழுந்தது கோச்சிப் பையன்களுக்கு. கடுகண்ணாவைப் பக்கமிருந்து பன்னிரண்டு பேர் காலைக் கோச்சியில் வந்து, ஸ்டேசனில் இறங்கி, வாவிக்கு மேலேயுள்ள பள்ளிக்கூட மேட்டில் ஏறி, எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்து சேருவது வழக்கம். மே மாதத்திலிருந்து அவர்கள் பிந்திவர ஆரம்பித்தார்கள். கோச்சி அதே கோச்சி, மேடும் அதே மேடு. ஆனால் வாசலுக்கு வந்தால் மணி அடித்து முடிந்திருந்தது.

"கோச்சி நேரத்துக்குத்தான் வந்தது பாதர்" என்றான் அவர்களில் மூத்தவனான ராஜரத்தினம்.

"கோச்சி ஒருநாளும் நேரத்துக்கு வாறேல்லை. இது உலகத்துக்கே தெரியும்" என்றார் அன்சலம் பாதர். அவர் யாழ்ப்பாணத்துப் பாஷையூர்க்காரர், யாழ்தேவி என்ற வேகக் கோச்சி ஓடுவதற்கு முந்திய காலத்தில் கோச்சியில் அவஸ்தைப்பட்டவர். "குனி."

பன்னிரண்டு பேர் கூடியதும் வரிசை நீண்டது. வரிசை நீண்டதும் முத்துலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம் முந்தி அடித்தார். முந்தி அடித்ததும் கோச்சிப் பையன்கள் இன்னும் பிந்தினார்கள். மடவளை பஸ் பையன்களும் பிந்தினார்கள். வரிசை இன்னும் நீண்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று முத்துலிங்கமே சீதாவிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணியை அடித்துவிட்டுக் கன்டீன் பக்கம் பால் விடாத பிளேன்டி குடிக்கப் போனார். கன்டீன் நடத்தினவர் மடவளை மக்கீன் நானா. வெள்ளிக்கிழமைகளில் மாட்டிறைச்சி பெட்டிஸ் விற்கக்கூடாது என்பதை ரெக்டர் மறந்தாலும் மறக்காதவர். அன்றைக்குக் கிரிக்கெட் கேட்பதற்கென்று வீட்டிலிருந்து ரேடியோவைத் தூக்கிவந்து மேசையில் வைத்திருந்தார்.

"முத்துலிங்கம், ஒரு விசயம் கேக்கணும். ஒங்கட வேதக்காரங்களுக்குப் பன்னெண்டு மணி எத்தன மணிக்கு?"

"என்ன நானா, பகிடியா? பன்னெண்டுக்குத்தான்."

"அப்ப இந்தா, இதக் கேளுங்க."

ரேடியோவில் யாரோ ஒரு அம்மா சாவகாசமாகப் பாடிக்கொண்டிருந்தாள். அது முடிந்து இன்னொருத்தி பாடினாள். முத்துலிங்கத்தின் பிளேன்டி ஆறிப்போனது. ஐந்தாறு பாட்டு முடிந்து, விளம்பரங்களும் முடிந்து, டிக் டிக் என்று சத்தம் வந்து, நேரம் சரியாகப் பன்னிரண்டு மணி என்றார் அறிவிப்பாளர். கன்டீன் சுவரில், பள்ளிக்கூட நேரத்துக்கு வைத்த மணிக்கூட்டில் பன்னிரண்டு இருபத்தெட்டு.

"ரேடியோ பழுதா இருக்கும்" என்றார் முத்துலிங்கம்.

"கொழும்பும் பழுதா? ஜும்மாவுக்குப் போற நான், நேரம் பாக்காமலா இருக்கேன்? மூணு மாசமாப் பாத்துக்கிட்டுத்தான் வாறேன். சரி, இது ஏதோ இவங்கட வேதத்துல உள்ள முறையாக்கும், நாம கேக்கப்படாதுன்னு இருந்தேன்."

முத்துலிங்கம் ஆறிப்போன பிளேன்டியைத் தள்ளி வைத்தார். அப்போது ராஜரத்தினம் பெட்டிஸ் வாங்க வந்தான். பெஞ்சில் இடமிருந்தும் நின்றுகொண்டே சாப்பிட்டான்.

"ஒக்காந்து சாப்பிடு தம்பி" என்றார் முத்துலிங்கம்.

"வேணாண்ணே. இன்னைக்கோட பதினேழு நாள். இனி சோதனை எழுதுறதும் நின்டுக்கிட்டுத்தான்."

ராத்திரி முழுக்க முத்துலிங்கம் ஒரே விஷயத்தைத்தான் உருட்டினார். அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரு நாளும் பிந்தவில்லை. பின்வரிசைக்காரனைக் காப்பாற்றப் போய், குற்றமே செய்யாத ஒரு கோச்சிப் பெட்டியையே அவர் அடிபட வைத்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் கிணற்றுக் கடிகாரம் வெளியே வரும், கயிறு போகும், அறை போகும். சொல்லாமல் தானே நாளுக்கு ஒரு நிமிஷம் பிந்தி அடித்துக் கடனைத் தீர்க்கலாம் என்றால், அந்த ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அங்கே ஒருவன் குனிய வேண்டும்.

"போய்ப் பாதர் கால்ல விழுந்துருங்க" என்றாள் சீதா.

"கால்ல விழுந்தா வேல போயிரும்."

"அப்ப கூண்டுக்குள்ள போயிச் சொல்லுங்க. அதுக்குள்ள சொன்னத வெளிய சொல்லப்படாதாம்ல. நீங்கதான சொன்னீங்க?"

இருபது வருஷமாகக் கல்லூரிக் கோயிலைக் கூட்டிப் பெருக்கியதில் முத்துலிங்கம் கற்றுக்கொண்ட வேத பாடம் அது ஒன்றுதான். சனிக்கிழமை பின்னேரம் போடிங் பையன்களோடு வரிசையில் நின்று, முறை வந்ததும் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்கால் போட்டார். பலகைக்கு அந்தப் பக்கம் அன்சலம் பாதர்.

"கடைசியா எப்ப பாவசங்கீர்த்தனம் செய்தீர்?"

"இதுதாங்க முதல் தடவ."

"ஆர் அது?"

"முத்துலிங்கம் பாதர். மணி அடிக்கிற முத்துலிங்கம்."

பாதர் உட்கார்ந்திருந்த கதிரை கிரீச்சிட்டது. "நீர் ஞானஸ்நானம் பெற்ற ஆளோ?"

"இல்லீங்க பாதர். மணி பெத்திருக்கு."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பை அடக்குகிற மாதிரியும் இருந்தது, இருமலை அடக்குகிற மாதிரியும் இருந்தது. "சரி. வந்தது வந்திட்டீர். சொல்லும்."

முத்துலிங்கம் கிணற்றிலிருந்து ஆரம்பித்து ரேடியோ வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். பெட்டிஸையும் சொன்னார்.

"அப்ப கோச்சிப் பெடியள்?"

"நேரத்துக்குத்தான் வந்திருக்காங்க பாதர்."

"நான் அந்த ராஜரத்தினத்துக்கு எத்தினை நாள் அடிச்சனான்?"

"பதினேழு நாள் பாதர். நாளைக்கு ஆறு. மொத்தம் நூத்தி..."

"கேட்டனான் எண்டு பெருக்கியே சொல்லுறது? நிப்பாட்டும்." பாதர் பெருமூச்சு விட்டார். "நீர் கத்தோலிக்கன் இல்லை. ஆனபடியால் இது பாவசங்கீர்த்தனமும் இல்லை. ஆனால் நான் இதுக்குள்ள இருந்து கேட்டிட்டன். வெளியில போய் ஒரு சொல்லுச் சொல்ல எனக்கு மனம் வராது. சொல்லாமல் திருத்தவும் வேணும். நீர் எங்கட ஆளெண்டால் மூண்டு செபம் சொல்லும் எண்டு விட்டிடுவன். உமக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"தேங்கா ஒடைக்கட்டுங்களா பாதர்?"

"வேண்டாம்! திங்கட்கிழமை மக்கீன்ர ரேடியோ பன்னிரண்டு எண்டு சொன்னாப் பிறகுதான் நீர் அடிக்கவேணும். அதுக்கு முன்னம் ரெக்டரே வந்து கேட்டாலும் கயித்தில கை வைக்கப்படாது. விளங்கிச்சே?"

திங்கட்கிழமை வரிசையில் முப்பத்தொரு பேர். விறாந்தை மணிக்கூட்டில் பதினொன்றே முக்கால், ஊரில் பதினொன்று பதினேழு. கன்டீன் வாசலில் மக்கீன் நானா தோளில் துவாய்த் துண்டோடு நின்றார். ரேடியோ சொன்னதும் அதை வீசிக் காட்டுவதாக ஏற்பாடு. முத்துலிங்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றார்.

பாதர் பிரம்போடு வந்தார். அன்றைய மரியாதையில் எல்லாரும் சேர்ந்து ராஜரத்தினத்தை முன்னால் தள்ளியிருந்தார்கள்.

"குற்றம்?"

"லேட் பாதர்."

பாதர் பேனாவைத் திறந்தார், மூடினார். பிந்தாதவனை அடிக்க முடியாது. நீ பிந்தவில்லை என்று சொல்லவும் முடியாது. மணி அடிக்க நாற்பத்து மூன்று நிமிஷம் இருந்தது.

"பிளேசியார் ஆரெண்டு தெரியுமோ உங்களுக்கு?" என்று கேட்டார்.

பிறகு சொல்ல ஆரம்பித்தார். ஆர்மேனியா எங்கே இருக்கிறது என்பதற்கு மட்டும் பத்து நிமிஷம், ஒவ்வொரு மலையாக. அர்ச்சியசிட்டவரான அந்தப் பிளேசியார் குகையில் இருந்தபோது ஆசீர்வாதம் கேட்டு வந்த மிருகங்களைத் தனித்தனியாக, பேர் சொல்லி, வால் நீளம் உட்பட. விறாந்தை மணிக்கூட்டில் பன்னிரண்டு ஆனது. முப்பத்தொரு தலைகளும் முத்துலிங்கத்தின் பக்கம் திரும்பின. அவர் ஆகாயத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஐந்து. போடிங் குசினியிலிருந்து பருப்பு தாளிக்கிற வாசம் வந்தது. மாஸ்டர்மார் வகுப்பு வாசல்களில் வந்து நின்று கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்கள். பிளேசியார் ஒரு பையனின் தொண்டையில் சிக்கிய மீன் முள்ளை எடுக்கப் போனார். எடுத்தபாடில்லை. பன்னிரண்டு பதினைந்து.

"என்னங்க, கயிறு அந்துபோச்சா?" என்று சுவருக்குப் பின்னாலிருந்து சீதாவின் குரல் கேட்டது.

பன்னிரண்டு இருபதுக்கும் அந்த முள் தொண்டையிலேயே இருந்தது. ராஜரத்தினம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்தான். "பாதர், ஆறு அடிதானே? அடிச்சிட்டு விட்டுருங்க பாதர். பசிக்குது."

"எனக்கும் பாதர்!"

"டேய், நான்தான்டா ரெண்டாவது! பின்னுக்குப் போ!"

"யார்றா நீ? நான் காலையில இருந்து நிக்கிறேன்!"

வித்தியாதரிசி பாராட்டிய மரியாதை ஒரு நிமிஷத்தில் காற்றில் பறந்தது. முப்பத்தொரு பேரும் முதலில் அடி வாங்க முண்டியடித்தார்கள். பாதர் பிரம்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "பொறுங்கோடா, முள்ளு இன்னும் வெளியில வரேல்லை" என்று கத்தினார்.

துவாய் பறந்தது. முத்துலிங்கம் கயிற்றில் பாய்ந்தார். மும்மூன்றாக ஒன்பது, பிறகு தொடர்ந்து ஒன்பது. அவ்வளவு சந்தோஷமாக மார்கரீத்தா அதற்கு முன் அடித்ததே இல்லை.

செபம் முடிந்ததும் ரெக்டர் வெளியே வந்தார். "அன்சலம், மணிக்கூட்டில் பன்னிரண்டரை ஆகப்போகுதே?"

"மணிதான் சரி ரெக்டர்" என்றார் பாதர். "ரூல் புத்தகத்தில எழுதியிருக்கு." கண்ணாடியைத் திறந்து முள்ளை இருபத்தெட்டு நிமிஷம் பின்னுக்குக் கொண்டுபோய் வைத்தார். ரூல் புத்தகத்தோடு ரெக்டராலும் வாதாட முடியாது. மாஸ்டர்மார் மறுபடி கடிகாரங்களைத் திருத்தினார்கள்.

மறுநாள் கோச்சிப் பையன்கள் பத்து நிமிஷம் முந்தி வந்து, வாசலில் நின்றும் மணி இன்னும் அடிக்காததைக் கண்டு பயந்துபோனார்கள். அன்றைக்கு அன்சலம் பாதர் பெட்டிக்குள் கிடந்த தன் தகப்பனாரின் கடிகாரத்தை முத்துலிங்கத்திடம் கொடுத்து, திங்கட்கிழமைகளில் ஸ்டேசனுக்குக் கொண்டுபோகச் சொன்னார். கிணறு இருக்கிற பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். கயிறும் தப்பியது, அறையும் தப்பியது.

வரிசை ஐந்தாறு பேராகக் குறைந்துவிட்டது. கணக்குப்படி பன்னிரண்டுக்கு முன்னால் எல்லாருக்கும் அடி விழுந்து முடிய வேண்டும். ஆனால் பாதருக்கு அதற்குப் பிறகு கை வேகம் போய்விட்டது. பேரை எழுத நேரம் பிடித்தது. பேனா கசிந்தது. மூக்குக் கண்ணாடியில் எந்நேரமும் புகை. அடி வாங்கிப் போன கடைசிப் பையனுக்கும் அடுத்தவனுக்கும் இடையில் சட்டைக் கையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

ஒரு நாள் வரிசையில் ஒருவன் மட்டும் மிச்சமிருந்தான். கம்பளைப் பக்கத்துச் சிங்களப் பையன். பாதர் கண்ணாடியை இரண்டாந் தடவை துடைத்து முடித்துவிட்டு, முற்றத்துக்கு அப்பால் பார்த்தார்.

"முத்துலிங்கம், இன்னும் ஆகேல்லையோ?"

"இல்லீங்க பாதர். நாலு நிமிஷம் இருக்கு."

"வடிவாப் பார்த்தீரோ?"

"ரெண்டு தடவ பாத்துட்டேன் பாதர்."

பாதர் முகத்தில் கொஞ்சம் கோபம் தெரிந்தது. புத்தகத்தைத் திரும்ப விரித்து, பையனைக் கிட்டக் கூப்பிட்டார். "உன்ர பேருக்கு முன்னால அஞ்சு எழுத்து இருக்கே. ஒவ்வொண்டுக்கும் விரிவு சொல்லு. ஆறுதலாச் சொல்லு."

"ஹேரத் முதியான்சலாகே..." என்று பையன் தொடங்கினான். கண்டிப் பக்கத்துப் பரம்பரைப் பேர், பாட்டன் பூட்டனெல்லாம் அதற்குள் இருந்தார்கள். பாதர் எழுத்தெழுத்தாக எழுதினார். முத்துலிங்கம் கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அரை நிமிஷங்கூட விட்டுக்கொடுக்காமல் நின்றார்.